மார்த்தாள் கிழவி இறங்கிய இடம்

டயாலிசிஸ் மெஷின் ஓட ஆரம்பித்து ஏழு நிமிஷம்தான் ஆகிறது, எப்சிபாய் கண்ணை மூடியபடி "வாசிங்க" என்கிறாள், நான் மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிற பாவனையில் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருக்கிறேன், கண்ணாடி மூக்கின் மேலேயே இருக்கிறது. மொத்தம் நாலு மணி நேரம். ஏழு போனால் மூன்று மணி ஐம்பத்துமூன்று நிமிஷம். அதற்குள் இவள் மனசை நான் மாற்றியாக வேண்டும். வாயை வைத்தே பிழைத்தவன் நான், ஆத்துப்பாலத்தில் பிரேக் பிடிக்காத பஸ்ஸைக் கீழே குதித்து முதுகு கொடுத்து நிறுத்திய கண்டக்டர் என்று மூன்று தாலுகாவில் பெயர் வாங்கியவன், அந்த முதுகில் இருக்கிற தழும்பு சின்ன வயசில் கொல்லாமரத்திலிருந்து விழுந்ததில் வந்தது என்று தெரிந்த ஒரே ஆள் இவள்தான், இவளிடம் இன்றைக்கு வாய் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. காலையில் நான் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தேன், கை தூக்க முடியாததால் ஆறு மாசமாக அது என் வேலை, திரும்பாமலே சொன்னாள்: "இன்னையோட போதுங்க. வியாழக்கிழமை வரல. மார்த்தாள் கிழவி சொன்னா பாத்தீங்களா, அதேதான். என்னை இறக்கி விட்டுருங்க." நான் சிரித்தேன். எதற்கும் முதலில் சிரித்துவிடுகிற வாய். சீப்பில் வந்த முடியைச் சுருட்டிக்கொண்டே சிரித்தேன், சுருட்டி முடித்த பிறகும் சிரிப்பு முகத்தில் இருந்தது, எடுத்து எங்கே போடுவது என்று தெரியவில்லை. டாக்டர் போன வாரமே சொல்லியிருந்தார், இதயம் ரொம்ப தளர்ந்துவிட்டது, மெஷினில் போடும்போதே பிரஷர் இறங்குகிறது, இனி நீங்களும் அவங்களும் பேசி முடிவு பண்ணுங்கள். நிறுத்தினால் எத்தனை நாள் என்று நான் கேட்டேன். பத்து நாள், மிஞ்சினால் பதினைந்து. நல்ல டாக்டர். சின்ன வயசு. பொய் சொல்லத் தெரியவில்லை.

அவள் கையிலிருந்து ஒரு குழாயில் ரத்தம் போகிறது, இன்னொரு குழாயில் திரும்பி வருகிறது, போவதற்கும் வருவதற்கும் எனக்கு நிற வித்தியாசம் தெரிவதில்லை, நன்னாரி சர்பத் மாதிரி ரெண்டும் ஒன்றுதான். ஏசி குளிர். கால்மாட்டில் போர்வையைச் சொருகுகிறேன். பாதம் வீங்கி, அழுத்தினால் குழி விழுகிறது, குழி நிரம்ப நேரமாகிறது. "வாசிங்கன்னா." வாசிக்கிறேன் தாயி. எதை வாசிக்க. இன்றைக்கு வேண்டுமென்றே அந்தப் புத்தகத்தைத்தான் கொண்டுவந்திருக்கிறேன், மார்த்தாள் கிழவி இருக்கிற புத்தகம், அட்டை கிழிந்து பிளாஸ்திரி ஒட்டியது. அட்டையில் வழக்கம்போல ஒரு பொம்பளை, தலையில் தொப்பித்துணி, கோதுமைக்காடு, பின்னால் குதிரையில் ஒருத்தன், அதற்கும் பின்னால் ஊசி மாதிரி கோயில் கோபுரம். முப்பத்தொன்பது புத்தகமும் அப்படித்தான். அமெரிக்காவில் ஏதோ சபையார் வாசித்து முடித்ததைப் பெட்டி கட்டி அனுப்பி, வாசிக்க ஆளில்லாமல் ஐயர், எங்கள் சபைப் பாதிரியார்தான், அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் கறையான் பார்த்துக்கொண்டிருந்தது. ஐயரம்மா, "ஆசீர் அண்ணாச்சி, நீங்க பழைய எஸ்.எஸ்.எல்.சி. தானே, கொண்டுபோங்க" என்று தலையில் கட்டினாள். அது நடந்து முப்பத்திரண்டு வருஷம். எங்கள் மகள் மெர்சி போய் அப்போது நாலு வருஷம். ஆறு வயசு, மூளைக்காய்ச்சல், கிறிஸ்மஸுக்குத் தைத்த பாவாடையின் தையல்கூலி பாக்கி இருந்தது. அந்த நாலு வருஷமும் எப்சிபாய் கோயில் வாசல் மிதிக்கவில்லை. முதல் மணி அடித்தால் எழுந்துபோய் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை, நான் கோயிலுக்குப் போவதே வருஷத்துக்கு ஒரு தடவை, சபையார் எல்லாரும் பந்தியில் உட்காரும் அசனச் சாப்பாட்டுக்கு. ஆனால் அவள் ரேடியோவும் கேட்கவில்லை. அதுதான் வருத்தம். செய்தி, விவசாயம், ஷெனாய், எது போனாலும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தச் சுவரிலிருந்து அவளைத் திருப்பத்தான் நான் முதல் புத்தகத்தை எடுத்தேன், இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொல்லச் சொல்ல, ரெண்டாம் நாள் சுவரிலிருந்து முகம் திரும்பியது.

நேர்மையாகத்தான் வாசித்தேன். மூன்று அதிகாரம் வரை சத்தியமாக உள்ளபடி. நாற்பது வண்டி, மாடு பூட்டி, மேற்கே போகிறார்கள், யாருக்கும் தெரியாத நிலத்துக்கு. ஒரு கெட்டில், ஒரு துப்பாக்கி, ஒரு வேதப்புத்தகம். தண்ணீர் கிடையாது, வழியெல்லாம் மண். "நம்ம தேரி மாதிரியா?" என்று கேட்டாள். நாலு வருஷத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி. தேரியேதான், அதே செம்மண், காற்றடித்தால் மேடு இடம் மாறும் என்றேன், அங்கே மண் என்ன நிறம் என்று புத்தகத்தில் ஒரு சொல்லும் இல்லை. நாலாம் அதிகாரத்தில் லிடியா என்கிற பிள்ளைக்குக் காய்ச்சல். ஆறு வயசு. இங்கிலீஷ்காரன் ஏன் ஆறு என்று போட்டான், ஐந்து போடக்கூடாதா, ஏழு போடக்கூடாதா. மூன்று நாள் காய்ச்சல். தாய்க்காரி வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் முழங்காலில் நிற்கிறாள். நான் கண்ணை வரியில் ஓட்டிக்கொண்டே வாயால் சொல்லிக்கொண்டு போகிறேன், விடியும்போது அந்தப் பிள்ளை, என்றுவிட்டேன், அடுத்த சொல் கண்ணில் பட்டுவிட்டது. எழுந்திருக்கவில்லை. அப்படித்தான் அச்சில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எப்சிபாய் முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடியும்போது அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணி கேட்டா. சொல்லிவிட்டேன். தாய்க்காரி கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினா. அதுவும் சொன்னேன். ஓடின ஓட்டத்தில் தொப்பித்துணி காற்றில் பறந்து போச்சு. அந்த ஞாயிற்றுக்கிழமை எப்சிபாய் பெட்டியிலிருந்து வெள்ளைச் சேலையை எடுத்தாள். "எங்க, எப்சி?" என்றேன். "கோயிலுக்கு. கோயிலே இல்லாத காட்டுல ஒருத்தி முட்டு போட்டு ஜெபம் பண்ணுதா. எனக்குத் தெருமுனையில இருக்கு." நான் நடைவாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், தெரு முனை திரும்பும் வரை. கர்த்தர் அந்தப் பிள்ளைக்குச் செய்யாததை நான் செய்தேன். பெருமையாகத்தான் இருந்தது. இப்போதும் அந்த இடத்தை நினைத்தால் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் பயம்.

அதற்கப்புறம் புத்தகம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எங்காவது ஒரு திருப்பத்தில் சந்தித்துக்கொள்வோம், நலமா என்று கேட்டுக்கொண்டு பிரிந்துவிடுவோம். அமெரிக்காவில் அசனப் பண்டிகை வைத்தேன், காளைக்கறியும் கத்தரிக்காய்ச் சாம்பாரும். குதிரைக்காரன் ஒருத்தனைப் பனையேறவிட்டேன். பெட்டிக்குள் புத்தகம் தீர்ந்ததும் பழையதையே திரும்ப எடுத்துப் புதுசாக ஓட்டினேன். "இவன் கறுப்புக் குதிரையில வந்தவன்லா, இப்ப எப்படி வெள்ளை?" "பன்னெண்டு வருஷம் ஆச்சுல்லா, நரைச்சுட்டு." அவள் சிரிக்காமல் என்னைப் பார்ப்பாள், பிறகு அடுப்பங்கரைக்குப் போய்ச் சிரிப்பாள். இங்கே வந்த பிறகு பக்கத்துப் படுக்கை நூகு சாயபுவும் சேர்ந்துகொண்டார். காயல்பட்டினத்துக்காரர், லாரி வைத்திருந்தவர், நாலு வருஷமாக அதே படுக்கை. "ஓய் அண்ணாச்சி, கொள்ளைக்காரன் மலைக்குப் பின்னால நின்னானே, ரெண்டு நாளா நிக்கான், கால் வலிக்காதா அவனுக்கு? ஆரம்பியும்" என்கிறார் இப்போதும். "அந்தக் கதை இல்ல சாயபு, இன்னைக்கு வேற." "வேறயா. அப்ப அவன் நிக்கட்டும்." போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொள்கிறார், கதை கேட்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் இழுத்துக்கொள்கிறார்கள், குளிர் இல்லாவிட்டாலும். எப்சிபாய்க்கு அந்தக் கதைகளில் என்ன கிடைத்தது என்று யோசித்திருக்கிறேன். துப்பாக்கிச் சண்டையை அவள் வேகமாகத் தாண்டச் சொல்வாள். காதலும் அவளுக்கு அவ்வளவுதான். சாயங்காலம் வண்டிகளை வட்டமாக நிறுத்தி நடுவில் தீ மூட்டி, இன்றைக்கு இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஒருத்தர் ஜெபம் பண்ணுகிற இடம் இருக்கிறதே, அதை மட்டும் ரெண்டு தடவை கேட்பாள். ஊர் இன்னும் வரவில்லை. வரும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஆனாலும் தீ மூட்டிவிட்டார்கள். அதுதான் அவளுக்கு வேண்டியது. எனக்கு ஜெபம் வராது, அதனால் டெப்போவில் இருந்த டிரைவர் கோவில்ராஜ் வண்டி எடுக்கும் முன் முணுமுணுப்பதை அப்படியே எடுத்து வண்டித்தலைவன் வாயில் போடுவேன். ஆமென் என்று எப்சிபாய் நிஜமாகவே சொல்வாள்.

மார்த்தாள். அதைத்தான் நினைக்க வேண்டும், நினைவு நழுவி நழுவி வேறெங்கோ போகிறது, வழுக்குப்பாறையில் காலை வைத்த மாதிரி. பதினொரு வருஷம் முன்னால், மழை, கரண்ட் போய்விட்டது, அருணாசலம் கடையில் உளுந்தவடை போட்டுக்கொண்டிருக்கும் வாசனை, நண்பர்கள் எனக்காகக் காத்திருப்பார்கள், இவள் அதிகாரம் முடியாமல் எழுந்திருக்கவிட மாட்டாள். வண்டித்தலைவனுடைய தாய் மார்த்தாள் கிழவிக்கு உடம்பு சரியில்லை என்று புத்தகத்தில் வந்தது, அது முடிய இன்னும் இருபது பக்கம். நான் டீ குடிக்கப் போக வேண்டும். அவ்வளவுதான் காரணம், அதற்கு மேல் ஒரு துளி காரணம் இல்லை. புத்தகத்தை மூடிக்கொண்டே மார்த்தாளைப் பேசவைத்தேன்: வண்டி போகணும்யா, பாரம் இறங்கணும். போய்ச்சேருற ஊர்ல மட்டுமா கர்த்தர் இருக்காரு, வழியிலயும்தான் இருக்காரு. என்னை இந்த மரத்தடியில இறக்கி விடுங்க. சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். திரும்பி வரும்போது இவள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்த வார்த்தைகளைத் தன் வேதப்புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். வாயில் வடை. என்ன சொல்ல. பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் சாட்சியாகச் சொன்னாள். அதை ஐயர் கேட்டு, அடுத்த மாசம் ஒரு அடக்க ஆராதனையில், பரிசுத்தவாட்டி ஒருத்தி சொன்னதுபோல என்று ஆரம்பித்துப் பிரசங்கமே பண்ணிவிட்டார். எனக்குப் பின்வரிசையில் சிரிப்பை அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பக்கத்திலிருந்தவர் நான் செத்தவருக்காக அழுகிறேன் என்று தோளைத் தட்டினார். பிறகு ஊரில் யார் போனாலும் அந்த வசனம். கல்லறையில் ஒருத்தர் செதுக்கியே வைத்துவிட்டார். நன்றாக இருந்தது, வேடிக்கையாக இருந்தது. இப்போது அது நடந்து என் வீட்டுக்குள் வந்திருக்கிறது.

ஒரு மணி நேரம் போய்விட்டது. சிஸ்டர் லில்லி வந்து பிரஷர் பார்க்கிறாள், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுதுகிறாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன், முதலில் கதையிலேயே மடக்கிப் பார்ப்போம் என்று: "மார்த்தாள் கிழவி அப்படிச் சொன்னதும் மகன்காரன் என்ன சொன்னான் தெரியுமா எப்சி? முடியாது, உன்னை இறக்கிட்டு எனக்கு ஊர் எதுக்குன்னு வண்டியை நிப்பாட்டிட்டான். நாற்பது வண்டியும் நின்னுட்டு." கண்ணைத் திறக்காமல் கேட்டாள். "எத்தனை நாள் நின்னுச்சு?" "எத்தனை நாளானாலும்." "மலையில பனி விழும்னு நீங்கதான சொன்னீங்க. நின்னா மாடெல்லாம் விறைச்சுச் செத்துப்போகும்னு. அவனுக்குத் தலைவன் வேலையே ஆகாது." நூகு சாயபு அந்தப் பக்கம் ஆமாம் போடுகிறார், "லாரி நிப்பாட்டினா பின்னால லைனே நிக்கும் அண்ணாச்சி." மனுசா, நீர் யார் கட்சி. எப்சிபாய்க்குக் காலில் பிடித்துக்கொள்கிறது, ஆடுசதை கல்லாகிறது, நான் எழுந்து தேய்க்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள், சத்தம் போட மாட்டாள், சத்தம் போட்டால் தேவலை. தேய்க்கத் தேய்க்க எனக்குத் தெரிகிறது, நான் யாருக்காக வண்டியை நிறுத்தச் சொல்கிறேன் என்று. வீட்டில் அந்தச் சுவர் இருக்கிறது. இனி அதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார வேண்டும். தேய்க்கிறேன். சதை மெல்ல இளகுகிறது. இதை இளக்க முடிகிறது.

ரெண்டாவது மணியும் கழிந்துவிட்டது. வேறு வழியில்லை. உண்மையைச் சொல்லவேண்டியதுதான், பழக்கமில்லாத தொழில். "எப்சி, மார்த்தாள் கிழவி இறங்கல." "என்னது?" "புக்ல அவ இறங்கவே இல்ல. கடைசி வரைக்கும் வண்டியிலயே போயிட்டா. நான்தான் டீ குடிக்கப் போற அவசரத்துல இறக்கி விட்டேன்." நூகு சாயபு தலையைத் திருப்பி என்னைப் பார்க்கிறார். எப்சிபாய் கண்ணைத் திறக்கிறாள். "ஐயர் பிரசங்கத்துல சொன்னாரே?" "நான் சொன்னதை நீ சொன்ன, நீ சொன்னதை அவர் சொன்னார்." புத்தகத்தை முகவாயால் காட்டுகிறாள். "அந்த இடத்த வாசிங்க பாப்போம். உள்ளது உள்ளபடி." பக்கத்தை எடுக்கிறேன், முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு வரியை அதில் உள்ளபடி தமிழில் சொல்கிறேன், நொண்டி நொண்டி வருகிறது. மார்த்தாளுக்குக் காய்ச்சல் தணிந்தது. அவர்கள் இலையுதிர் காலத்தில் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். அவள் ஆப்பிள் வைத்து ஒரு பலகாரம் சுட்டாள். அதை எல்லாரும் மிகவும் பாராட்டினார்கள். "அம்புட்டுதானா?" "அம்புட்டுதான்." நூகு சாயபு, "பலகாரம் சுடுறதுக்கா அத்தனை மைல் போனா கிழவி? வீட்டுலயே சுட்டிருக்கலாம்லா" என்கிறார். எப்சிபாய் சிரித்துவிட்டாள். வயிறு குலுங்கச் சிரிக்கக்கூடாது, குழாய் ஆடும், கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், எனக்கும் சிரிப்பு, ஒரு கணம் ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்துவிட்டேன். பிறகு சிரிப்பு அடங்கி, என் பக்கம் முகத்தைத் திருப்பாமல், மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "அப்ப லிடியா?"

அவள் கேட்டபோதுதான் தெரிந்தது, காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்தது இந்தக் கிணற்றடிக்குத்தான். எழுந்திருக்கவில்லை. ஒரே சொல். சொன்னால் போதும், எல்லாம் என் கட்டுக்கதை என்று ஆகிவிடும், மார்த்தாள் போவாள், மரத்தடி போகும், வழியில் இருக்கிற கர்த்தர் போய்விடுவார், இவளுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் இருப்பாள், என்னைத் திட்டுவதற்காகவாவது வியாழக்கிழமை வருவாள், சனிக்கிழமை வருவாள். அல்லது அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். பத்து நாளோ பத்து மாசமோ, அந்தப் பிள்ளை எழுந்திருக்காத விடியலோடு கிடப்பாள், வெள்ளைச் சேலையும் இல்லாமல், ஆமெனும் இல்லாமல். வாயைத் திறக்கிறேன். முப்பத்திரண்டு வருஷமாக அந்தப் பிள்ளை கெட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது. அதன் கையிலிருந்து தட்டிவிட வேண்டியது ஒரு டம்ளர். மெர்சியின் கழுத்தில் கடைசியாக இருந்த சூடு என் புறங்கையில் இருக்கிறது, இத்தனை வருஷமாகப் போகவில்லை. டீக்கடைக்காரன் ஒருத்தன் மழையில் வடை போடாமல் இருந்திருக்கலாம். இங்கிலீஷ்காரன் ஐந்து வயசு என்று எழுதியிருக்கலாம். "பிழைச்சா" என்கிறேன். "அது புக்லயே இருக்கு." "நிசமாவா?" "நிசமா. விடியும்போது அந்தப் பிள்ளை..." அவளும் சேர்ந்து சொல்கிறாள், எனக்கு முன்னாலேயே முடித்துவிடுகிறாள், கண்ணைத் திறந்து தண்ணி கேட்டா. இழுத்து மூச்சு விடுகிறாள். "அப்ப சரி. லிடியா பிழைச்சது நிசம்னா போதும். மார்த்தாள் எங்க வேணும்னாலும் இறங்கட்டும், பலகாரம் சுடட்டும். நான் இறங்குற இடத்த நான் சொல்லுதேன்." பிறகு, ரொம்ப நேரம் கழித்து: "மெர்சிக்கு இப்ப நாப்பத்திரெண்டு வயசு, என்னங்க." ஆமாம் என்கிறேன். மார்கழி வந்தால் நாப்பத்திமூணு.

அதற்குப் பிறகு கொள்ளைக்காரனை மலைக்குப் பின்னாலிருந்து வரவழைத்தேன். நூகு சாயபுவுக்காக. வந்தான், சுட்டான், ஞானஸ்நானம் வாங்கினான், எல்லாம் ஒரு மணி நேரத்தில். எப்சிபாய் தூங்கிவிட்டாள், தூக்கத்தில் வாய் லேசாகத் திறந்திருந்தது. மெஷின் கீக்கீ என்றதும் சிஸ்டர் லில்லி வந்து ரத்தத்தையெல்லாம் திரும்ப உள்ளே விட்டு, ஊசியை உருவி, வழக்கம்போல பஞ்சை வைத்து என் கட்டைவிரலை அதன் மேல் வைத்துவிட்டுப் போனாள். பத்து நிமிஷம் அமுக்க வேண்டும். ரொம்ப அமுக்கினால் உள்ளே ஓடுவது நின்றுவிடும், விட்டுப் பிடித்தால் பீறிட்டுவிடும். பஞ்சுக்குக் கீழே அவள் ரத்தம் பூனை உறுமுகிற மாதிரி உறுமிக்கொண்டு ஓடுகிறது. சிஸ்டர் பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு நின்று கேட்கிறாள். "அண்ணாச்சி, வியாழக்கிழமை ஆறு மணியா, ஏழா? வெளிய நாலு பேரு இடத்துக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க." எப்சிபாய் கண்ணைத் திறந்துவிட்டாள். என்னைப் பார்க்கிறாள். எனக்கு எந்தக் கேள்விக்கும் ஒன்பது பதில் உண்டு. "வேற ஆளுக்குக் குடுத்துருங்க சிஸ்டர்" என்கிறேன். ஊரே என்னைப் பொய்யன் என்கிறது, இதை மட்டும் யாரும் நிஜமா என்று கேட்கவில்லை. சிஸ்டர் கையாலேயே பெயரை அழிக்கிறாள். நூகு சாயபு போர்வையை முகம் வரை இழுத்துக்கொள்கிறார். "ரத்தம் நின்னுட்டு பாருங்க" என்கிறாள் எப்சிபாய், "கைய எடுங்க." இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு என்கிறேன். பத்து நிமிஷம் எப்போதோ ஆகிவிட்டது.